லேட்டுக்காரன்

குழந்தை உண்டாகியிருக்கிறது என்று சொன்ன அதே மூச்சில் டாக்டரம்மா அடுத்த குண்டையும் போட்டுவிட்டார். வாழ்த்துச் சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீராவது குடித்திருக்கலாம். "உங்க ரத்தத்துல அந்த அளவு இப்படியே இருந்தா குழந்தையோட மூளை வளராது. இதயமும் சரியா உருவாகாது. இன்னிக்கே குறைக்க ஆரம்பிச்சாகணும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரித்த முகத்தை மாற்ற மறந்து அப்படியே இருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களைத் தினமும் பார்க்கிறவர், அன்றைக்கு அவரே அப்படித்தான் முழித்தார்.

'அந்த அளவு' என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே ஒன்றும் விளங்காது. நாம் தின்கிற புரதமெல்லாம் அமினோ அமிலம் என்ற பொடித் துண்டுகளைக் கோத்த சங்கிலி. துண்டுகளில் இருபது வகை. அதில் ஃபினைல்அலனின் என்று ஒன்று. எல்லோருக்கும் ஈரல் அதை வேறொன்றாக மாற்றிவிடும். எனக்கு அந்த வேலை பிறவியிலேயே நடக்காது. மாறாமல் ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். பிறந்தவுடனே குதிகாலில் குத்தி, ரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால் தப்பித்தேன். பால், முட்டை, மீன், பருப்பு எதுவும் ஆகாது. பதிலுக்கு, அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற துண்டுகளைக் கலந்த ஒரு மாவு. தண்ணீரில் கரைத்து மூன்று வேளையும் குடிக்க வேண்டும். அதன் நாற்றம் குடலைப் பிடுங்கும்.

காலேஜில் சேரும்வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். வளர்ந்தபிறகு விட்டுவிட்டால் பெரிய கெடுதல் இல்லை என்று அப்போதைய டாக்டர்களே சொன்னார்கள். அவ்வளவுதான், டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்டதையும் தின்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவதற்கு அதுதான் காரணம் என்பாள் அக்கா. அதெல்லாம் இல்லை, கோபம் அப்பாவிடமிருந்து வந்தது. போதாக்குறைக்கு நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். என் தொழிலில் கத்தாமல் இருந்தால் உயிர் மிஞ்சாது.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஒரு ஆய்வகம் இருக்கிறது. ஜன்னலே இல்லாத நீள அறை, ஐஸ் நிரப்பிய வாளிகள், ஓயாமல் குலுங்கிக்கொண்டிருக்கும் குடுவைகள், ஊசிப்போன கஞ்சி வாடை. அவளுடைய தொழிலும் இதே சங்கிலிகள்தான். ஆனால் இன்றைய சங்கிலி அல்ல, உலகத்தின் முதல் சங்கிலிகள்.

உயிர் தொடங்கிய காலத்தில் இருபது வகைத் துண்டும் இருந்திருக்காது, ஒரு பத்துதான் இருந்திருக்கும் என்பது அவள் கட்சி. வானத்திலிருந்து விழுந்த கல்லை உடைத்துப் பார்த்தாலும் சரி, குடுவையில் வாயுவை அடைத்து மின்பொறி விட்டுப் பார்த்தாலும் சரி, பெரும்பாலும் அந்தப் பத்துப் பேர்தான் தலைகாட்டுகிறார்களாம். மீதிப் பேர், உயிர் வந்தபிறகு உயிரே செய்துகொண்டவர்கள். ஃபினைல்அலனின் அந்தப் பிந்தி வந்த கூட்டத்தில் ஒருவன். அதனால் எங்கள் வீட்டில் அவனுக்கு 'லேட்டுக்காரன்' என்று பெயர். அவள் காலேஜில் இதைப் படித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்; மாவைக் குடிக்க மாட்டேன் என்று நான் அடம்பிடிக்கும்போதெல்லாம், "கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால உலகமே லேட்டுக்காரன் இல்லாமதான்டி இருந்துச்சு. உன்ன மாதிரி சுத்தமா" என்பாள் அக்கா. கேட்கப் பெருமையாக இருக்கும். குடித்துவிடுவேன்.

டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே மாவு டப்பாக்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. வாரம் இரண்டு முறை விரலைக் குத்தி, அட்டையில் ரத்தச் சொட்டு வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், அளவு எவ்வளவு என்று போனுக்குச் செய்தி வரும். அக்காவின் போனுக்கும் சேர்த்து வரும்படி அவளே ஏற்பாடு செய்துகொண்டாள். முதலில் கொஞ்சம் இறங்கியது. வீட்டுக்காரர் தரையில் நிற்கவில்லை. அதற்குள் மசக்கை பிடித்துக்கொண்டது. மாவு உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. நான் வாஷ்பேசினும் கையுமாகக் கிடந்தேன். அளவு இறங்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

வகுப்பை முடித்துவிட்டு நேராக அக்காவின் ஆய்வகத்துக்குப் போனேன். அவள் ஒரு மெஷின் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"உன் சங்கிலில லேட்டுக்காரன் கிடையாதுல்ல?" என்று கேட்டேன்.

"கிடையாது. வெறும் பத்து."

"அப்ப அதையே எனக்குக் குடு. இந்த நாத்தம் புடிச்ச மாவு உள்ள தங்க மாட்டேங்குது."

அக்கா சுண்டுவிரல் நுனி அளவுக் குழாய் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். "ஒரு மாசம் எல்லாருமா சேர்ந்து செஞ்சது. உள்ள ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

"எனக்கும்தான் தெரியல. இதச் சாப்பிட்டா எறும்புக்குக்கூடப் பத்தாது. அதுவுமில்லாம வெறும் பத்துத் துண்ட வச்சு உன் உடம்பு ஓடாதும்மா. ஒழுங்கான புரதம்னா மடிஞ்சு மடிஞ்சு ஒரு உருவத்துல நிக்கணும். அப்பதான் வேலை செய்யும். இது நனைஞ்ச நூலு மாதிரி துவண்டு கிடக்கு. ஏழு மாசமாப் போராடுறேன்."

அவளுக்கு அவள் கவலை. அந்தச் சங்கிலி நிமிர்ந்து நிற்காவிட்டால் ஆய்வகத்தையே மூடிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. நான் அவள் சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கினேன். பழைய பத்துப் பேர் நல்லவர்கள், லேட்டுக்காரன் வெளியிலிருந்து வருகிறவன், சாப்பாட்டோடு வருகிறவன். அப்படியானால் வாசலை அடைத்தால் தீர்ந்தது. சாப்பிட்டால்தானே வருவான்? வீட்டுக்குப் போகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். இப்படி ஒரு முடிவுக்கு எங்கள் வீட்டில் வளர்ந்தவளைத் தவிர வேறு யாரும் வந்திருக்க மாட்டார்கள். லேட்டுக்காரன், லேட்டுக்காரன் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த காது இது.

காலையில் வீட்டுக்காரர் மாவுக்கலவையையும், எடைபோட்டுச் செய்த ரொட்டியையும் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். கலவையில் இரண்டு வாய் குடிப்பேன், வாந்தி எடுப்பேன், மீதியைக் கொட்டிவிடுவேன். ரொட்டி தெருநாய்களுக்கு. தண்ணீர், எப்போதாவது ஒரு துண்டுப் பழம், அவ்வளவுதான். பசி வயிற்றைக் கிள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு வயிற்றைத் தடவிக்கொடுப்பேன். "கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணு, அம்மா உனக்காகத்தான் இருக்கேன்" என்பேன். நான் ஒரு நல்ல தாய் என்று எனக்கே பூரிப்பாக இருந்தது.

அடுத்து வந்த அளவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏறியிருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, முதலில் இருந்ததையே தாண்டிவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே மூச்சிரைக்க, "நின்னுடுச்சுடி!" என்றாள். சங்கிலி இருந்த கரைசலில் உப்பை அள்ளிப் போட்டார்களாம். கடல் தண்ணீரைவிடக் கரிக்கும் உப்பு. துவண்டு கிடந்த சங்கிலி மடிந்து உருவத்தில் நின்றுவிட்டதாம். வெறும் பத்தை வைத்துக்கொண்டு, உப்பு நீரில். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது அவளுக்கு. எனக்குக் காலையிலேயே வந்த செய்தி, அந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய போனில் சிணுங்கியது. என் அளவு. பார்த்தாள். முகம் செத்துப்போனது.

"என்னடி தின்ன?"

"ஒண்ணும் தின்னல."

"பொய் சொல்லாத. தின்னாம இது இவ்வளவு ஏறாது. முட்டையா? பாலா? சொல்லித் தொலை."

"சத்தியமா ஒண்ணுமே தின்னலக்கா."

"வாயைக் கட்ட முடியாதவளுக்குப் புள்ள எதுக்குடி?"

கேட்டுவிட்டாள். வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். எனக்குக் கண்மண் தெரியவில்லை. "உன் உப்புத்தண்ணிப் புள்ளயக் கட்டிக்கிட்டு அழு, போ! இந்த வீட்டு வாசல மிதிக்காத!" என்று கத்தினேன். கதவை நான் சாத்திய வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் கீழே விழுந்தது. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள் என்று பிற்பாடு அவர் சொன்னார்.

இரவெல்லாம் அந்தக் கேள்வி காதில் ரீங்காரமிட்டது. அவள் என்னைக் கொன்றிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வாயைக் கட்ட முடியாதவளா நான்? காட்டுகிறேன் பார் என்று வைராக்கியம் வந்துவிட்டது. அதன்பிறகு அந்தப் பழத்துண்டையும் நிறுத்தினேன், மாவையும் நிறுத்தினேன். வெறும் தண்ணீர்.

அந்த நாட்களில் என்னிடம் ஒரு தையல்காரம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோக்கிற கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் வெடவெடக்கும். வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவது அவருக்கு அதுவரை வரவேயில்லை. அன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். "கண்ணாடியப் பாருங்கம்மா, கண்ணாடிய..." என்றது நினைவிருக்கிறது. அதோடு எனக்கு உலகம் இருட்டிக்கொண்டு போனது.

கண்ணை விழித்தபோது வண்டி ஓரமாக, கோடு போட்ட கட்டத்துக்குள் அழகாக நின்றுகொண்டிருந்தது. "மேடம், மேடம், வண்டிய நிறுத்திட்டேன் மேடம், கண்ணத் திறங்க" என்று தையல்காரம்மா அழுதுகொண்டிருந்தார். என் போனில் 'அக்கா' என்ற பெயர்தான் அவர் கண்ணில் முதலில் பட்டிருக்கிறது. கூப்பிட்டுவிட்டார். பல்கலைக்கழகம் பக்கத்துத் தெருதான். அக்கா ஆய்வக அங்கியோடு, கைகளில் ரப்பர் உறையோடு தெருவில் ஓடி வந்தாள். கார் கதவைத் திறந்து என் முகத்தருகில் குனிந்தவள், அப்படியே நின்றாள்.

"வாயத் திற."

"உன்கூடப் பேச மாட்டேன்."

"பேச வேணாம். வாயத் திற."

முகர்ந்து பார்த்தாள். அவள் கண் விரிந்தது. "நகப்பூச்சு அழிக்கிற தண்ணி வாடை அடிக்குது. அசிட்டோன். பட்டினி கிடக்கிற உடம்புலதான் இது வரும். எத்தன நாளாடி சாப்பிடல?"

"அன்னிக்கே சொன்னேன்ல, ஒண்ணும் தின்னலன்னு."

அக்கா கார் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். தையல்காரம்மா என்னை விட்டுவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுக்க ஓடினார். "அடிப்பாவி, அடிப்பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அக்கா. அது என்னைத் திட்டியதா, தன்னைத் திட்டிக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், போர்வையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"லேட்டுக்காரன் சாப்பாட்டுல மட்டும் இல்லடி. உன் சதையில இருக்கான். உன் தோலு, தசை, எல்லாத்துலயும் இருக்கான். நீ பட்டினி கிடந்தா உடம்பு சும்மா இருக்குமா? தன் சதையையே உடைச்சுத் தின்ன ஆரம்பிச்சுடும். உடைக்க உடைக்க அவன் ரத்தத்துல கொட்டிக்கிட்டே இருப்பான். வெளிய வாசல அடைச்ச, வீட்டுக்குள்ளயே இருக்கிறவன என்ன பண்ணுவ?"

"அப்ப நான் சாப்பிடாம இருந்ததாலதான் ஏறுச்சா?"

"ஆமா."

"நீ திட்டினப்புறம் இன்னும் நிறுத்தினேன்க்கா. மாவையும் நிறுத்திட்டேன்."

அவள் போர்வை ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"சுத்தம் சுத்தம்னு உனக்கு நான்தானே சொன்னேன்" என்றாள் கடைசியில். "அது சுத்தம் இல்லடி. ஏழ்மை. பத்தே பத்து, வேற கதியில்ல. உப்புத் தண்ணியில போட்டாதான் நிக்குது, சாதாரணத் தண்ணியில போட்டா மறுபடி துவண்டுடுது. லேட்டுக்காரன், அவன்கூட வந்தவங்க எல்லாம் சேர்ந்தப்புறம்தான் புரதத்துக்கு ஒரு முதுகெலும்பே வந்துச்சு. அவன் இல்லாம உன் மூளையும் இல்ல, என் மூளையும் இல்ல. உன் வயித்துல இருக்கிறதுக்கும் அவன் வேணும். கொஞ்சமா, அளவா. இல்லவே இல்லன்னாலும் புள்ள வளராது."

இத்தனை வருஷம் நான் எதிரி என்று நினைத்தவன் என் உடம்பிலேயே குடியிருந்தவன் என்பதை ஜீரணிக்க எனக்கு நேரம் பிடித்தது. அதைவிட, பசியோடு வயிற்றைத் தடவிக்கொடுத்துப் பூரித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. தலையணையில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதேன். அக்கா தொட வந்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

வாந்திக்கு மருந்து கொடுத்தார்கள். மாவைக் குளிரவைத்து, ஒரு நேரத்தில் ஒரு மடக்கு என்று குடிக்கப் பழக்கினார்கள். எண்ணெய், சர்க்கரை, லேட்டுக்காரனே இல்லாத மாவில் செய்த ரொட்டி, கூடவே எடைபோட்ட உருளைக்கிழங்கு. அந்த உருளைக்கிழங்கு அவனுடைய பங்கு. அக்கா தினமும் மத்தியானம் ஆய்வகத்திலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்துகொள்வாள். கடைசி மடக்குவரை நகர மாட்டாள். வீட்டுக்காரர்தான் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதையையெல்லாம் சொல்லி அந்த அறையின் மௌனத்தைச் சமாளித்தார். ஒரு நாள், கல்யாண மாப்பிள்ளை மாட்டிக்கொண்ட கதைக்கு நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தாள். உடனே இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம்.

அளவு இறங்கியது. இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து, அங்கேயே நின்றது. அந்தச் செய்தி என் வயிற்றில் பாலை வார்த்தது. பாலே ஆகாதவள் இதைச் சொல்கிறேன், பாருங்கள்.

வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு ஒரு நாள் காலை பெரிய ஸ்கேன். வீட்டுக்காரர் ஒரு கையையும் அக்கா இன்னொரு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் தட்டிவிடவில்லை. டாக்டரம்மா வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியை நகர்த்தினார். திரையில் ஒரு தலை தெரிந்தது. கோடு இழுத்து அளந்தார்.

"தலை நல்லா வளர்ந்திருக்கு" என்றார்.

வீட்டுக்காரர் குலுங்கி அழுதார். நான் அழவில்லை. டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருவி நெஞ்சுப் பக்கம் வந்ததும் அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். அதே இடத்தில் திருப்பினார், அழுத்தினார், மறுபடி திருப்பினார்.

"இதயத்துல கீழ ரெண்டு அறை இருக்கு இல்லையா, அதுக்கு நடுவுல இருக்கிற சுவர் முழுசா மூடல. ஓட்டை இருக்கு. கொஞ்சம் பெரிசுதான். பொறந்தப்புறம் ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும். பண்ணலாம், நல்லாப் பண்றவங்க இருக்காங்க."

"அந்தச் சுவர் வயித்துக்குள்ள எந்த மாசத்துல உருவாகும் டாக்டர்?" என்று கேட்டேன்.

அவருக்கு என் கேள்வி புரிந்துவிட்டது. "ஆரம்ப வாரங்கள்ல" என்றார் மெதுவாக.

"நான் பட்டினி கிடந்தப்பவா?"

"அப்பவும் இருக்கலாம். நீங்க மொதல்ல என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதும்மா. நான் சொன்னாலும் அது பொய்."

வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. வீட்டுக்காரர் சீட்டு வாங்கக் கவுண்டருக்குப் போனார். அக்கா எனக்குப் பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டு, ஒன்று தள்ளி உட்கார்ந்தாள். அவளுடைய சங்கிலியைப் பற்றி அந்த வாரம்தான் பெரிய பெரிய ஆட்களெல்லாம் பாராட்டி எழுதியிருந்தார்கள். அதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை, வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.

"என் மேல கோபமாடி?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டிருக்கக் கூடாது. ரொம்பக் கோபமா இருக்கு. என் மேல அதவிடக் கோபமா இருக்கு. இது சீக்கிரம் போற கோபம் இல்லக்கா, நான் பொய் சொல்ல விரும்பல."

அவள் தலையை ஆட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவள் தலை நரைத்துப்போனதை அன்றைக்குத்தான் கவனித்தேன். வயிற்றுக்குள் அது ஒருமுறை புரண்டது. ஓட்டை விழுந்த இதயத்தோடு, சரியான அளவுத் தலையோடு, இன்னும் பல மாதங்கள் என் ரத்தத்தை நம்பி அது உள்ளே இருந்தாக வேண்டும். ஓட்டையை யாரோ தைப்பார்கள். தலைக்கு நான்தான் பொறுப்பு.

"அக்கா."

"என்னம்மா?"

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. எனக்குப் பசிக்குது."

அக்கா கைப்பையைக்கூட எடுக்காமல் எழுந்து ஓடினாள்.